படி வெளியே வந்த தெரு

அன்று பஜனைக் கூடத்தில் இருந்தவர்கள்: பொறியாளர் ரகுநாதன் சார், பாவடித் தெருவில் ஐந்து தறி வைத்திருக்கும் ஏகாம்பரம், மனை வாங்கி விற்கும் தரகர் தாமோதரன், ஏகாம்பரத்தையும் சேர்த்து அதே தெருவின் வீட்டுக்காரர்கள் நாற்பத்து மூன்று பேர், உட்காரச் சொல்லியும் சுவரோரம் நின்றபடியே இருந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மைக் செட்டுக்காரர், நான்.

வராதவர்கள்: கஸ்தூரி அக்காவும், அவரோடு சேர்ந்து தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டுகிற மூன்று பேரும்.

வராதவர்கள் என்று எழுதுவதே சரியா என்று தெரியவில்லை. நான் அவர்களைக் கூப்பிடவே இல்லை. என் கையில் இருந்த பட்டியல் வீட்டு வரி ரசீதுகளைப் பார்த்து எடுத்தது. அந்த நால்வருக்கும் அந்தத் தெருவில் வீடு கிடையாது. வேலை மட்டும்தான்.

கூட்டம் ரயிலைப் பற்றியது. இந்தத் தொடரின் முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரணி டவுனிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை, தெருவோடு தெருவாகத் தண்டவாளம் பதித்து, இரண்டே பெட்டிகளோடு ஒரு சின்ன ரயில் விடலாமா என்று ஒரு கம்பெனி ஆய்வு செய்துகொண்டிருந்தது. மக்களிடம் பேசி அந்த ரயிலுக்கு ஆதரவு திரட்டுவது என் வேலை. ஒப்பந்த வேலைதான். ஆனால் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்திருந்தார்கள்.

படம் காட்டத் திரை கொண்டுவர மறந்துவிட்டோம். ஏகாம்பரம் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டு வேட்டி வந்தது. இரண்டு ஆணிகளில் இழுத்துக் கட்டினோம். படத்தில் ரயில் வலமிருந்து இடமாக ஓடி, ஜரிகைக் கரைக்குள் புகுந்து மறைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ரகுநாதன் சாரும் சிரித்தார். ‘நல்ல தொடக்கம்’ என்று நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கேள்விகள் வந்தன.

“டிக்கெட்டு பஸ்ஸ விட ஜாஸ்தியா?”

“மூட்டை ஏத்த வுடுவாங்களா?”

“ஏசி போட்டா எங்க அம்மாவுக்கு ஒத்துக்காதுங்க. ஜன்னல் தொறக்குமா?”

ஜன்னல் திறக்காது என்றதும் அம்மாவின் மகன் வருத்தப்பட்டார். அந்த அம்மாவுக்கு எங்கே போக வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். எங்கேயும் இல்லை, சும்மா கேட்டு வைத்தேன் என்றார்.

கடைசியாக ஏகாம்பரம் எழுந்தார். சட்டைப் பையில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். படிக்க எதுவும் இல்லை. இருந்தாலும் மாட்டிக்கொண்டார்.

“காலைல மொத வண்டி எத்தனை மணிக்குங்க?”

“அஞ்சரைக்குங்க” என்றார் ரகுநாதன் சார். “அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு. காலைலதானே கூட்டம் இருக்கும்.”

ஏகாம்பரம் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். மைக் மட்டும் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து, நம் தெரு வழியாக ரயில் வருவதை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றேன்.

நாற்பத்து மூன்று கைகளும் எழுந்தன. நம்ப முடியாமல் இரண்டு முறை எண்ணினேன்.

ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் ஸ்டேஷன்

வெளியூரிலிருந்து ரயிலில் ஆரணிக்கு வருகிறவர்கள் ஒரு தடவையாவது ஏமாறுவார்கள். ‘ஆரணி ரோடு’ என்று பலகை இருக்கும். இறங்கிப் பார்த்தால் ஆரணி இருக்காது. ரோடு மட்டும்தான் இருக்கும். அங்கிருந்து பஸ் பிடித்துத்தான் ஊருக்குள் வர வேண்டும். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள் பெட்டியும் பிள்ளைகளுமாக அந்த ரோட்டில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் அந்தச் சின்ன ரயிலை நான் மனதார நம்பினேன். சம்பளத்துக்காக மட்டும் பேசவில்லை.

எனக்குச் சொந்த ஊர் கலசப்பாக்கம் பக்கம். திருவண்ணாமலையில் கல்லூரி. மூன்று வருடமும் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே படித்தேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் என் வலது கை இடது கையைவிட இன்றைக்கும் கொஞ்சம் நீளம் என்று என் நண்பன் சொல்லுவான். உட்கார இடம் கிடைத்தாலும், பஸ்ஸில் நம்மைத் தெரிந்தவர் யாராவது ஏறி, “ஏந்திரிப்பா” என்பார். ரயிலில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறியதும் அந்த எண்ணம் மாறியது. ஆனாலும் ரயில் மேல் இருந்த பிரியம் போகவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு நடவும் அறுப்பும்தான் தெரியும். இந்த வேலைக்குச் சேர்ந்ததும், என்ன வேலை என்று கேட்டார்.

“ஜனங்ககிட்ட போய், ரயிலு வேணுமான்னு கேக்கணும்பா.”

“கேட்டு?”

“எழுதிக்கினு வரணும்.”

“கேக்கறதுக்கா சம்பளம்?”

அவருக்கு அது பிடிபடவே இல்லை. எங்கள் காலனிக்குத் தார் ரோடு வந்தபோது யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் ரோலர் நின்றது. எங்கள் கோழிக்கூடு அதன் முன்சக்கரத்தின் கீழே இருந்தது.

“உன்னக் கேட்டிருந்தா இன்னாப்பா சொல்லியிருப்ப?” என்றேன்.

“போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். கோழிக்கூட்ட மட்டும் ரெண்டடி தள்ளி வெச்சிருப்பேன்.”

பயிற்சியில் மூன்று நாள் வகுப்பெடுத்தார்கள். மக்களிடம் எதற்காகக் கேட்க வேண்டும் என்பதை அப்பாவைப் போல இவ்வளவு தெளிவாக அங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் இதைப் பாவடித் தெருவில் எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே தள்ளி வைக்க எதுவுமே இல்லையே.

உள்ளே படி வைத்த வீடுகள்

பாவு என்றால் சேலையின் நீளவாட்டு நூல். மூன்று சேலைக்குச் சேர்த்து ஒரு பாவு. ஆயிரக்கணக்கான இழைகள். அதைத் தறியில் ஏற்றும் முன் தெருவில் ஐந்தாறு வீட்டு நீளத்துக்கு நீட்டுவார்கள். இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, குச்சிகளைச் செருகி இழைகளைப் பிரித்து, அறுந்ததைத் தேடி முடிந்து, அப்புறம் சுருட்டுவார்கள். விடிந்ததும் ஆரம்பித்துக் காற்று கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும். காற்று வந்தால் இழைகள் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்ளும். எந்த வீட்டுக்குள்ளும் அத்தனை நீளம் கிடையாது. தெருதான் இடம்.

ஆகவே அந்தத் தெருவில் எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. வாசற்படி இருக்காது. கதவைத் திறந்தால் உள்ளேதான் மூன்று படிகள். குழாய் உள்ளே. சைக்கிள், பைக் எல்லாம் புழக்கடையில். ஜன்னல் கதவுகூட உள்பக்கம்தான் திறக்கும். ஒரு ஆணி வெளியே துருத்திக்கொண்டிருந்தாலும் பட்டு நூல் மாட்டிக்கொள்ளும் என்பதால், தலைமுறை தலைமுறையாக அப்படியே கட்டியிருக்கிறார்கள். பாவு நீட்டியிருக்கும் நேரத்தில் பைக்கில் வருகிறவர் தெருமுனையிலேயே இறங்கி, வண்டியைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போவார். புதுமாப்பிள்ளை கார்கூட நிற்கும்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. டேப் பிடித்து அளந்தபோது நானே பார்த்தேன். முதலில் ரயில் பாதை கடைத்தெரு வழியாகத்தான் வருவதாக இருந்தது. அங்கே ஒவ்வொரு கடையும் மூன்றடி, நான்கடி வெளியே வந்திருந்தது. அளக்க அளக்க ஆத்திரமாக வந்தது. அப்புறம் பக்கத்துத் தெருக்களையும் அளந்து வரச் சொன்னார்கள். பாவடித் தெருவுக்குள் நுழைந்ததும் என் டேப் எங்கேயும் வளையவில்லை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக ஓடியது.

எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அறிக்கையில் நானாகவே ஒரு பத்தி சேர்த்தேன். ‘இத்தெருவினர் எவ்வித உத்தரவும் இன்றித் தாங்களாகவே தெருவை ஆக்கிரமிப்பின்றிப் பராமரித்து வருகிறார்கள். இது பாராட்டத்தக்கது.’

இரண்டு வாரம் கழித்துப் புது வரைபடம் வந்தது. சிவப்புக் கோடு கடைத்தெருவை விட்டுப் பாவடித் தெருவுக்கு மாறியிருந்தது.

ரகுநாதன் சார் என் தோளில் தட்டினார். “உன் ரிப்போர்ட்டுதாம்ப்பா காரணம். ஒரு செங்கல்லக்கூட இடிக்க வேண்டாம் பாரு.”

அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன். இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

வேட்டியை மடித்தபோது

மறுபடி பஜனைக் கூடத்துக்கு வருகிறேன். கூட்டம் கலைந்தது. ரகுநாதன் சாரின் கார் போய்விட்டது. நானும் ஏகாம்பரமும் வேட்டியை ஆணியிலிருந்து கழற்றி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடித்தோம்.

“எல்லாரும் கை தூக்கிட்டீங்க. ரொம்ப சந்தோஷமா இருக்குங்க” என்றேன்.

“ஆமாம் தம்பி.”

“ஆனா காலைல பாவு நீட்டறது?”

“அதான் கேட்டனே. அஞ்சரைன்னாரு.”

“அப்போ ஏங்க கை தூக்கினீங்க?”

அவர் வேட்டியின் முனைகளைச் சரியாகச் சேர்த்தார். “எம்பையன் வேலூர்ல கடைல வேலை செய்யறான். பஸ்ஸு ஒத்து வரலன்னு அங்கியே ரூம் எடுத்துக்கினு கெடக்கறான். இந்த வண்டி வந்தா தெனம் வூட்டுக்கு வந்துட்டுப் போவான். அவனுக்கோசரம் தூக்கினேன்.”

“பாவுக்கு?”

“அதுக்கு நீங்க கை தூக்கச் சொல்லலியே.”

சண்டைக்காக அவர் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அப்புறம் என் ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார். பள்ளிக்கூடத்துப் பக்கம் என்றேன். எல்லா ஊரிலும் பள்ளிக்கூடத்துக்கு எல்லாப் பக்கமும் உண்டு. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வேட்டியை என்னிடமே கொடுத்து, “பாத்து எடுத்துக்கினு வாங்க, மழைத் தூறல் போடுது” என்று முன்னால் நடந்தார்.

இரண்டு கட்டங்கள்

மறுநாள் விடிந்ததும் தெருவுக்குப் போனேன். கஸ்தூரி அக்காவும் மற்ற மூன்று பேரும் ஒரு அரக்குச் சிவப்புப் பாவை நீட்டியிருந்தார்கள். அக்கா அதன் நடுவே நின்று ஒவ்வொரு இழையாகத் தடவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அறுந்த இழை கிடைத்ததும் விரலை நாக்கில் தொட்டு முறுக்கி, அதன் மறுமுனையோடு சேர்த்தார். கண்ணை எடுக்காமலே பேசினார்.

“இன்னா சாரு, நேத்து தெருவே கை தூக்கிச்சாமே.”

“ஆமாங்க்கா.”

“எங்கள ஏன் கூப்புடல?”

நான் பதில் சொல்லும் முன் அவருடைய நாத்தனார் மறுமுனையிலிருந்து குரல் கொடுத்தார். “நம்மளுக்கு ரெண்டு கை இருக்குதில்ல அண்ணி. ரெண்டையும் தூக்கிட்டா கணக்கு தப்பிடும்னு பயந்துட்டாரு.”

நால்வரும் சிரித்தார்கள். பாவும் லேசாக ஆடியது. சட்டென்று நால்வரும் சிரிப்பை நிறுத்தி அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

கஸ்தூரி அக்கா சொன்னார்: “எம்பொண்ணு வேலூர்ல நர்சிங் படிக்கறா. ரெண்டு பஸ்ஸு மாறிப் போறா. ரயிலு வேணும்னு எழுதிக்க. எங்க நாலு பேருக்கும் விடிஞ்சதுலேந்து எட்டு மணி வரைக்கும் இந்தத் தெருவு வேணும். இது போச்சுன்னா எங்களுக்கு வேற வேல தெரியாது. அதையும் எழுதிக்க.”

நான் படிவத்தைக் காட்டினேன். ஆம் என்று ஒரு கட்டம். இல்லை என்று ஒரு கட்டம். “ரெண்டுல ஒண்ணுலதான் டிக் பண்ண முடியும்கா.”

“அப்போ எம்பொண்ணு பேர்ல வேணும்னு போடு. எம்பேர்ல வேணாம்னு போடு.”

“ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான்கா.”

“சரி, ஒண்ணு போடு.”

“உங்களுக்கு இந்தத் தெருவுல வீடு இல்லையே.”

அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “வூடு இல்லாதவங்களுக்கு வேணும், வேணாம் ரெண்டுமே கெடயாதா சாரு?”

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் அவர் சொன்ன இரண்டையும் எழுதினேன். அலுவலகத்தில் அந்தப் படிவங்களைக் கணினியில் ஏற்றிய பெண், ஓரத்தில் எழுதியதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்று மதியம் ரகுநாதன் சாருக்கு போன் செய்தேன். முதல் வண்டியை எட்டரைக்கு மேல் விட முடியாதா என்று கேட்டேன்.

“ஏழு மணிக்கு முன்னாடி காலேஜ் பசங்க போகணும், வேலைக்குப் போறவங்க போகணும். எட்டரைக்கு மேல வண்டி விட்டா அதுல யாருப்பா ஏறுவாங்க?”

அதுவும் சரியாகத்தான் இருந்தது. கஸ்தூரி அக்காவின் மகளே ஆறு மணிக்குக் கிளம்புகிறவள். போனை வைத்துவிட்டு வெகு நேரம் யோசித்தேன். அவர் சொன்னது சரி. அக்கா சொன்னது சரி. ஏகாம்பரம் சொன்னதும் சரி. எல்லாரும் சரியாகச் சொல்லும்போது தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

தாமோதரன் சொன்ன யோசனை

தரகர் தாமோதரனுக்கு டீக்கடைதான் அலுவலகம். ஒரு காலையில், ரயில் வந்தால் பாவு நீட்ட முடியாதே என்று கவலைப்பட்ட நாலைந்து பேரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன்.

“ரயிலு ஏன் கடைத்தெருவுல போவல? அவன் அவன் மூணடி வெளிய வந்துகினான். ஒடைக்கணும்னா பேஜாரு. உங்க தெருவு மொட்டையா கெடக்குது. அதான் வருது. ஆளுக்கு ஒரு படி வெளிய இழுத்து வுடுங்க. அடுத்த தடவ அளக்க வரப்ப பாத்துட்டு, வேணாம்னு போய்டுவான்.”

மாலையில் அதே பெஞ்சில் வேறு சிலர். இவர்கள் ரயில் வரட்டும் என்று இருந்தவர்கள், விசைத்தறிக்கு மாறியவர்கள். தெருவில் பாவு நீட்டும் தேவை இவர்களுக்கு இல்லை.

தாமோதரன் சொன்னார்: “ரயிலு எப்டியும் வரும். வரப்ப வெளிய கட்டினது எதுனா இருந்தா நஷ்ட ஈடு உண்டு. வெறும் சொவுருக்கு இன்னா குடுப்பான்? ஒரு படி கட்டி வையி. ஜல்தியா பண்ணு.”

அவர்கள் போனதும் நான் அவரிடம் கேட்டேன். “காலைல ரயில நிறுத்தப் படி கட்டச் சொன்னீங்க. இப்ப ரயிலு வரும்னு படி கட்டச் சொல்றீங்க.”

“ரெண்டும் நெசந்தானே தம்பி. வந்தா காசு. வரலன்னா தெருவு. கட்டறவனுக்கு இன்னா நஷ்டம் சொல்லு.”

அவருடைய மச்சான் சிமெண்டு விற்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் மச்சானிடம் வாங்கச் சொல்லி அவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பாதிப் பேர் வேறு கடையில்தான் வாங்கினார்கள். அதனால் அவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

கொத்தனார் வந்த வாரம்

முதலில் கட்டியது யார் என்று இன்று கேட்டால் எல்லாரும் எதிர்வீட்டைக் காட்டுவார்கள். ஒரு வியாழக்கிழமை தெருமுனையில் ஜல்லி இறங்கியது. அடுத்த வியாழனுக்குள் முப்பது வீடுகளில் படி வந்துவிட்டது. ரயில் வேண்டும் என்றவரும் கட்டினார், வேண்டாம் என்றவரும் கட்டினார். படியைப் பார்த்து யார் எந்தக் கட்சி என்று சொல்ல முடியாது. நான் நோட்டில் இரண்டு பத்திகள் பிரித்துப் பெயர் எழுத ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

ஏகாம்பரம் மட்டும் கட்டவில்லை. “நூல் மாட்டும்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆனால் அவருடைய வீட்டுக்கு இரண்டு பக்கமும் படி வந்துவிட்டது. நடுவில் இருந்த இடைவெளியில் யார் யாரோ பைக் நிறுத்தினார்கள். கதவைத் திறந்தால் சைலன்சர். பத்து நாள் பொறுத்தார். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டார்.

அன்று நான் அங்கே இருந்தேன். கொத்தனார் பலகை அடித்து, முனையைக் கூராக இழுத்தார். ஏகாம்பரம் தடுத்தார்.

“முனைய மழுங்கலா போடுப்பா. பட்டு பட்டா வழுக்கிக்கினு போவணும்.”

கொத்தனார் சிரித்தார். “நீங்களும் இதையே சொல்றீங்களா? இந்தத் தெருவுல அத்தனை பேரும் இதத்தான் சொன்னாங்க.”

அப்போதுதான் திரும்பி மற்றப் படிகளைப் பார்த்தேன். எல்லாம் அப்படித்தான் இருந்தன. ஒவ்வொரு முனையும் உருட்டி, சிமெண்டுப் பால் பூசி, குழந்தையின் கன்னம் போல வழவழவென்று. ரயிலுக்கு எதிராகக் கட்டியவரும், ரயிலுக்காகக் கட்டியவரும், நூல் மாட்டாமல் பார்த்துக்கொண்டால் தெரு தெருவாகவே இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். கையால் தடவிப் பார்த்தேன். எந்த நூலும் மாட்டாது.

நானும் அப்படித்தான் நம்பினேன்.

பால்காரரின் பைக்

நூல் எந்தப் படியிலும் மாட்டவில்லை. நடந்தது வேறு.

பாவு நடுவில் இருந்தால், இழை தேடுகிறவர்கள் அதன் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். அதற்கப்பால் சுவரோரமாக ஊர் போக வேண்டும். இப்போது சுவரோரத்தில் படி இருந்தது. படிக்கும் பாவுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். அவ்வளவுதான்.

ஒரு காலையில் பால்காரர் வழக்கம் போலத் தெருமுனையில் இறங்கி, பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் கேன். கஸ்தூரி அக்கா வழிவிட்டு ஒரு படி மேல் ஏறி நின்றார். பின்சக்கரம் அடுத்த படியில் உரசியது. பைக் சாய்ந்தது. பிரேக் கம்பி பாவுக்குள் போனது.

அது ஏகாம்பரத்தின் பாவு. அறுந்த இழைகளை யாரும் எண்ணவில்லை. இழுத்துக் கட்டியிருந்த பட்டு அறுந்ததும் இரண்டு பக்கமும் சுருண்டு ஓடியது. நால்வரும் உட்கார்ந்து முடிய ஆரம்பித்தார்கள். பாதி முடிவதற்குள் காற்று கிளம்பிவிட்டது.

“நான் ஓரமாத்தாங்க போனேன்” என்று பால்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“போனீங்க அண்ணே, நான் பாத்தேன்” என்றார் கஸ்தூரி அக்கா. “ஓரந்தான் காணோம்.”

ஏகாம்பரம் வெளியே வந்து தன் படியில் நின்றார். யாரையும் திட்டவில்லை. சிக்கிய பாவை ஒரு துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோகச் சொன்னார். அதன் பிறகு அந்தத் தெருவில் பாவு நீட்ட எந்த வீட்டுக்காரரும் நூல் கொடுக்கவில்லை.

மறு அளவை

சில மாதம் கழித்து மறுபடி அளக்கப் போனோம். டேப்பின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன். ரகுநாதன் சார் தெருவின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“நீதானேப்பா பாராட்டத்தக்கதுன்னு எழுதினே?”

“ஆமாங்க சார்.”

“இதான் அந்தத் தெருவா?”

ஆம் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பாவடித் தெரு பொருந்தாது என்று எழுதினார்கள். கடைத்தெருவும் பொருந்தாது. திட்டம் ‘மேலாய்வில்’ இருப்பதாகக் கடிதம் வந்தது. அதோடு என் ஒப்பந்தமும் முடிந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

ரயில் வருமா வராதா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

வேலை போன பிறகும் ஒரு நாள் நானாகவே போய், வீடு வீடாக ஏறி, படியை எடுத்துவிடலாமே என்று கேட்டேன். இந்த முறை படிவம் இல்லை.

ஒரு வீட்டில், “ரயிலு வராதுன்னு எழுதிக் குடுங்க, நாளைக்கே இடிக்கிறோம்” என்றார்கள்.

அடுத்த வீட்டில், “ரயிலு வரும்னு எழுதிக் குடுங்க, வந்து காசு வாங்கிக்கினு இடிக்கிறோம்” என்றார்கள்.

ஏகாம்பரம், “நான் ஒருத்தன் இடிச்சா அந்த எடத்துல பைக்கு நிக்கும்” என்றார்.

எனக்கு எழுதத் தெரியும். எங்கள் வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆனால் இந்த இரண்டில் எதையும் என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை.

அரிசி மில் களம்

கஸ்தூரி அக்காவையும் மற்ற மூன்று பேரையும் கடைசியாக ஊருக்கு வெளியே ஓர் அரிசி மில்லில் பார்த்தேன். நெல் காயப்போடும் சிமெண்டுக் களம். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பாவை ஆட்டோவில் கொண்டுவர வேண்டும். நீட்டும் முன் களத்தைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தவிட்டுத் தூசி பட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்த வேலை புதிது. அதற்குத் தனிக் கூலி இல்லை. களத்தில் மறைவு இல்லாததால் காற்றும் முன்னதாகவே வந்துவிடுகிறது.

“பொண்ணு எப்படிப் போறாக்கா?” என்றேன்.

“ரெண்டு பஸ்ஸுலதான். ரயிலுக்கு நான் வேணும்னுதான் சொன்னேன், எழுதிக்கினியே, இன்னாச்சு?”

ஓரத்தில் எழுதியதற்கு இடமில்லாமல் போனதைச் சொன்னேன். அவர் ஒரு இழையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டார். பிறகு, “தள்ளி நில்லு சாரு, நெழல் விழுது” என்றார்.

தள்ளி நின்று செலவைக் கேட்டேன். பழக்கம் விடவில்லை. நாத்தனார்தான் விரல் விட்டுச் சொன்னார். களத்துக்கு இருநூறு. ஆட்டோ போக வர இருநூற்று நாற்பது. ஆக ஒரு பாவுக்கு நானூற்று நாற்பது ரூபாய். தெருவில் இது கிடையாது. பாதியை நூல் கொடுக்கிற வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். மீதிப் பாதி இவர்கள் நால்வரின் கூலியில் பிடித்தம்.

ஒரு பாவுக்கு, ஒரு ஆளுக்கு, ஐம்பத்தைந்து ரூபாய்.